நான் எழுதாமல் விட்ட சல்லடை

மார்ச் 4, செவ்வாய்

மருமகளின் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் இறுகிப்போய்விட்டது. எஞ்சினைச் சுற்றிவிடும் கிராங்க் போல்ட்டில் ஆள் உயரக் கம்பியை மாட்டித் தொங்கிப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை.

என் பட்டறை வாசலில் இழுத்து வந்த டிரைவர்கள் நாலு பேர், அவர்களோடு வண்டிக் கம்பெனி சூப்பர்வைசர். கிட்னிக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி அது. அவரவர் சொந்த வண்டியை ஓட்டுகிறார்கள், மருமகளும் அப்படித்தான். வண்டி நின்றபோது பின் சீட்டில் அவள் வழக்கமாக ஏற்றிவரும் தையல்காரர் இருந்திருக்கிறார். ரத்தம் சுத்தம் செய்துகொண்டு களைத்துப்போய் வந்த மனுஷன். முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாராம்.

"ஆயில் லைட் எரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சுது மாமா. எரிஞ்சதும் ஓரங்கட்டிட்டேன்."

"உடனேவா? இல்ல, ரேடியோல பாட்டு முடிஞ்சப்புறமா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. சிவப்பு லைட்டை அழகுக்கா வைத்திருக்கிறான், கண் முகத்தில்தானே இருக்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தெரிந்துவிட்டால் டிரைவரா என்றெல்லாம் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, தையல்காரரை ஆட்டோவில் ஏற்றிவிடப் போய்விட்டாள்.

மார்ச் 5, புதன்

எஞ்சினைக் கீழே இறக்கினேன். ஆயிலை வடித்தேன். அளவு குறையவில்லை. சொட்டுக்கூடக் குறையவில்லை.

மார்ச் 6, வியாழன்

சூப்பர்வைசர் ஒரு படிவத்தோடு வந்தார். நாலு கட்டம் போட்டது. பாகம், அதன் வேலை, இப்போதைய நிலை, காரணம். நோயாளியோடு வழியில் நின்ற வண்டிக்கெல்லாம் இது எழுத வேண்டுமாம். டிரைவர் தப்பு என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வண்டித் தப்பு, ரிப்பேர்க்காரன் தப்பு என்றால் பெயர் இருக்கும், வண்டி சரியாகும்வரை கம்பெனியே ஒரு வண்டி கொடுக்கும்.

"ஐயா, எனக்கு சாவி போட்டா ஓடும்ங்கறது மட்டும்தான் தெரியும். மேல இருக்கறவங்களும் அப்படித்தான். எந்தப் பாகம் என்ன செய்யுதுன்னு எங்களுக்குப் புரியற மாதிரி எழுதிடுங்க."

"இதை எழுத உங்ககிட்ட சர்ட்டிபிகேட் வெச்ச இன்ஜினியர் இருப்பாரே?"

"இருக்கார். உங்க மருமகதான், எங்க மாமாவே எழுதட்டும், அவர் கையெழுத்து இருந்தா எனக்குப் போதும்னு சொல்லிடுச்சு."

நாற்பத்தொரு வருஷம். என் அண்ணனுக்கு டிப்ளமா வாங்கிக் கொடுத்தார் அப்பா. எனக்கு விளக்குமாறு வாங்கிக் கொடுத்து ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பினார். கேட்டும் பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டேன். எழுத்தில் ஒரு அபிப்பிராயம் தா என்று இதுவரை ஒருத்தன் என்னிடம் வந்ததில்லை. முதல்முறையாக வருகிறது. வாங்கிக் கொடுத்தது அவள்.

மார்ச் 7, வெள்ளி

ஹெட்டைக் கழற்றினேன். படிவத்துக்கு முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சிலிண்டர்: எஞ்சினுக்குள் நாலு குழிகள். பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகிற இடம். எரியாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு.

ஹெட்: அந்தக் குழிகளுக்கு மூடி. தீ எரியும்போது காற்றுக்கூட வெளியே கசியக் கூடாது. பிளக் இதில்தான் சொருகியிருக்கும். பொறி வைப்பது அதன் வேலை.

வால்வு: மூடியில் உள்ள கதவுகள். ஒன்று கலவையை உள்ளே விடும், மற்றது புகையை வெளியேற்றும்.

கேம்ஷாஃப்ட்: எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டு. உடம்பில் மேடுகள் இருக்கும். சுற்றும்போது மேடு வந்து கதவைத் தள்ளும், போனதும் ஸ்பிரிங் மூடிக்கொள்ளும். கதவும் அதுவும் ஒரு கணம் பிசகினால் எல்லாம் கெட்டது.

நிலை: வால்வு சரி. பிளக் சரி. கேம்ஷாஃப்ட் உட்காரும் இடமெல்லாம் கீறல். நகத்தால் தடவினால் மாட்டுகிறது. எண்ணெய் வந்து சேரவில்லை. மாடி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கடைசியில் வருகிற மாதிரி, எஞ்சினில் எண்ணெய் மேலே கடைசியில்தான் ஏறும். பஞ்சம் வந்தால் முதலில் காய்வதும் மேல்வீடுதான்.

எஞ்சினின் அடித்தொட்டி நிறைய எண்ணெய் இருந்ததே. பிறகு ஏன் ஏறவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகன் கப்பலில் இருக்கிறான், ஆகஸ்டில்தான் வருவான். மருமகள் கேட்டாள், "மாமா, உள்ள ஏதாவது தெரிஞ்சுதா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவசரப்பட்டா ஆகுமா?"

"அவசரமில்ல. நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரிஞ்சா இன்னொரு தடவை செய்யமாட்டேன். அதுக்குத்தான்."

என் மனைவி கரண்டியைச் சத்தமாக வைத்தாள். "நாலு பேர் முன்னாடி கத்தத் தெரியுது. வீட்டுல உக்காந்து பதில் சொல்லத் தெரியல."

இங்கே நான் எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, மருமகள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தாள். சிக்னலில் நிற்கும்போது ஆயில் லைட் விட்டுவிட்டு எரிகிறது, வண்டியைக் கொண்டுவரட்டுமா என்றாள். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். "அது வயர் லூஸ். சும்மா கண் சிமிட்டும். ஓட்டு, பாத்துக்கலாம்" என்றேன்.

இது எனக்கு ஞாபகமில்லாமல் இல்லை. நாலாம் தேதி வாசலில் நின்று கத்தும்போதே ஞாபகம் இருந்தது. அவள் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆனாலும் வயர் லூஸாக இருந்திருக்கலாம். எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு அடித்தொட்டியைக் கழற்றினேன். இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பிஸ்டன்: சிலிண்டர் குழிக்குள் மேலும் கீழும் ஓடும் குமிழ். மேலே தீ வெடித்ததும் கீழே தள்ளப்படுவது இதுதான். வண்டியின் பலமெல்லாம் அந்த ஒரு தள்ளலில் இருக்கிறது.

ரிங்: பிஸ்டனின் இடுப்பில் மாட்டிய வளையங்கள். தீயைக் கீழே விடாது, எண்ணெயை மேலே விடாது.

கனெக்டிங் ராடு: பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கை.

கிராங்க்: மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் முறுக்குத் தண்டு. சைக்கிளில் கால் மேலும் கீழும் மிதிக்கிறது, பெடல் வட்டமடிக்கிறது. அதேதான்.

பேரிங்: கையும் தண்டும் தொடும் இடத்தில் உள்ள மெல்லிய வளைந்த தகடு. உண்மையில் இரும்பு இரும்பைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படலத்தின் மேல்தான் இத்தனை எடையும் மிதக்கிறது. படலம் போனால் தகடு உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நிலை: இரண்டாவது, மூன்றாவது பேரிங் உருகி ஒட்டியிருக்கிறது. கிராங்க் நீலம் பாரித்துவிட்டது. கடைசல் பிடிக்க லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். லேத்காரனை நாங்கள் மில்லி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டி, அதில் ஒன்றுக்காக நாள் முழுக்கச் சண்டை போடுவான். முப்பது வருஷச் சிநேகிதன்.

தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டினி கிடந்து செத்திருக்கு. தொட்டியில ஆயில் இருந்துதா?" என்றான்.

"இருந்துது."

"அப்ப வாயை யார் அடைச்சது?"

எனக்கு அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

எழுதிவிடுகிறேன்.

அடித்தொட்டியில் கிடக்கும் எண்ணெயை பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பும். பம்ப்பின் வாயில் ஒரு சல்லடை இருக்கும், குப்பை உள்ளே போகாமலிருக்க. உள்ளங்கையில் அடங்கும் கம்பி வலை. திங்களன்று தொட்டியைக் கழற்றியபோது அந்த வலையில் முக்கால்வாசி சாம்பல் நிற ரப்பரால் மூடியிருந்தது. இழை இழையாக, சப்பித் துப்பிய மாதிரி. பிய்த்துப் பார்த்தேன். பசை.

என் பசை. பிப்ரவரியில் இந்தத் தொட்டியின் விளிம்பில் சின்னக் கசிவு இருந்தது. கழற்றித் திரும்ப ஒட்டினேன். நான் எப்போதும் தாராளமாகப் போடுவேன். மற்றவன் மெல்லிய கோடு போடுவான், நான் விரல் தடிமனுக்குப் போடுவேன். என் பட்டறையிலிருந்து போன வண்டி ஒழுகாது என்று பெயர். அன்று மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள். பசைக் குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெல்லிசா ஒரே கோடாப் போடணும்னு எழுதியிருக்கே மாமா, அதிகமானா உள்ள பிதுங்கும்னு" என்றாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டி வாசிச்சுக் காட்டாதே. குழாயில எழுதறவன் வண்டிக்கு அடியில படுத்தவன் இல்ல."

பிதுங்கியது. வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்? சூட்டில் உதிர்ந்து, எண்ணெயில் மிதந்து, வலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நாற்பத்தொரு வருஷத்தில் எத்தனை தொட்டி ஒட்டியிருப்பேன். அதெல்லாம்?

திங்களன்று நான் செய்தது இதுதான்: சல்லடையை பெட்ரோலில் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவினேன். ஒரு இழை விடவில்லை. யாரும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் கழுவினேன். ஐம்பத்தெட்டு வயதில், திருட்டுத்தனமாகத் தின்பவனைப் போல.

மார்ச் 13, வியாழன்

படிவத்தை நிரப்பிவிட்டேன். ஒன்பது பாகங்கள் எழுதினேன். சல்லடையை எழுதவில்லை. யாரும் கேட்கவில்லையே, முக்கியப் பாகங்கள் என்றுதானே போட்டிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில்: "எண்ணெய் அழுத்தம் குறைந்த பின்னும் வண்டி ஓட்டப்பட்டுள்ளது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓட்டப்பட்டுள்ளது. யார் சொல்லி என்று எழுதக் கட்டமில்லை.

என் கையெழுத்து நன்றாக வந்திருந்தது. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

மார்ச் 15, சனி

சனிக்கிழமைதோறும் காலையில் கம்பெனி வளாகத்தில் வாசிப்பு நடக்கும். வண்டிகள் கிளம்புவதற்கு முன் டிரைவர்கள் எல்லாரும் நிற்பார்கள். புகார், பாராட்டு, யார் பெயர் வந்தது, யார் பெயர் போனது, எல்லாவற்றையும் சூப்பர்வைசர் சத்தமாக வாசிப்பார். இன்று என் படிவத்தை முழுசாக வாசித்து மருமகளின் பெயரை எடுத்தார்களாம்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் வந்து நான் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க மாமா. எஞ்சினே கண்ணு முன்னாடி தெரிஞ்ச மாதிரி இருந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் புரிஞ்சுது."

குத்திக்காட்டுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. குத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

தையல்காரர் கைத்தடியோடு பட்டறைக்கே வந்தார். புது டிரைவர் இரண்டு தடவையும் லேட்டாம். மாடியிலிருந்து இவரைக் கைப்பிடித்து இறக்க மாட்டானாம், கீழேயிருந்து ஹாரன் அடிப்பானாம்.

"அந்தப் பொண்ணு என்னைப் படி படியா எண்ணிக் கூட்டிட்டு வரும். பதினெட்டுப் படி. அது கவனக்குறைவா ஓட்டுச்சுன்னு சொல்றாங்களே, நீங்க நம்பறீங்களா?"

"வண்டி அப்படித்தான் சொல்லுது."

"வண்டி சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

கேள்வியில் விஷமம் இல்லை. தையல்காரர் எதையும் இரண்டு தடவை அளப்பவர், அவ்வளவுதான். ஸ்டூல் போட்டேன். உட்காராமல் போய்விட்டார்.

மார்ச் 19, புதன்

மருமகள் ஒரு சலவைக் கம்பெனியில் படுக்கை விரிப்பு மடிக்கப் போகிறாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

மார்ச் 20, வியாழன்

கடைசல் பிடித்த கிராங்கை மில்லியே எடுத்து வந்தான். கேட்காமல் என் மேஜையடியில் குனிந்து, ட்ரேயில் இருந்த சல்லடையை எடுத்தான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"செத்த எஞ்சினோட சல்லடை இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததேயில்ல. இதுல டீ வடிகட்டலாம் போலிருக்கே."

நான் கிராங்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

"அழுக்கா இருந்திருந்தாக்கூட நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்டா" என்றான். சல்லடையை இருந்த இடத்தில் வைத்தான். தண்டுக்கு ரசீதுகூடப் போடாமல் கிளம்பினான்.

பிறகு தொட்டியை எடுத்துப் பார்த்தேன். உள்விளிம்பில் என் பசை இன்னும் முந்தானைக் குஞ்சம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டத் தகட்டைக் கையில் எடுத்தேன். எடுத்த கையைப் பார்த்தேன். சீ.

மார்ச் 21, வெள்ளி

தொட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். புதுப் படிவம் வேண்டும், ஒரு பாகம் விட்டுப்போச்சு என்றேன்.

"விட்டுப்போச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"விட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "படிவம் தரலாம் ஐயா. ஆனா அந்தப் பொண்ணு பேரை எல்லார் முன்னாடியும் வாசிச்சு எடுத்தோம். திருப்பிச் சேர்க்கறதும் எல்லார் முன்னாடிதான். எழுதினவர் வந்து வாசிக்கணும். அது எங்க வழக்கம்."

நாளைக்கு வளாகத்தில் முப்பது டிரைவர்கள் நிற்பார்கள். பாதிப் பேர் வண்டி என்னிடம்தான் வருகிறது. தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்து, சாக்கை மறந்துவிட்டேனென்று திரும்பிப் போனேன். சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

மார்ச் 22, சனி

வாசித்தேன். ஒரே ஒரு வரிசை.

பாகம்: எண்ணெய்ச் சல்லடை. வேலை: பம்ப்புக்குள் குப்பை போகாமல் தடுப்பது. நிலை: பசையால் அடைபட்டிருந்தது, நான் கழுவிவிட்டேன். காரணம்: தொட்டியை ஒட்டியபோது நான் அளவுக்கு மேல் பசை போட்டது.

தொட்டியைத் தூக்கிக் காட்டினேன். பின்னாலிருந்து ஒருத்தன், "ஓனருக்கே ஆயில் லைட் எரியல போல" என்றான். சிரித்தார்கள். நாலாம் தேதி சிரித்த அதே ஆட்கள், அதே சிரிப்பு. அன்று எனக்கு அது எவ்வளவு இனித்தது.

மருமகள் சலவைக் கம்பெனிக்குப் போகிற வழியில் வந்து கேட் அருகே நின்றிருந்தாள். சூப்பர்வைசர் அவள் பெயரைப் பட்டியலில் திருப்பிச் சேர்த்து வாசித்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மூன்று டிரைவர்கள் என்னிடம் விட்டிருந்த வண்டிகளை எடுத்துப் போய்விட்டார்கள். மரியாதையாகத்தான். அவசரமாகத் தேவைப்படுகிறதாம்.

மார்ச் 23, ஞாயிறு

மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை.

"பசை தெரியாம நடந்தது மாமா. அதுக்கு எனக்குக் கோவமில்ல. போன்ல ஓட்டுன்னு சொன்னீங்களே, அதை நீங்களே சொல்வீங்கன்னு அன்னிக்கு வாசல்ல காத்துக்கிட்டு நின்னேன். நேத்தும் காத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே."

"மாமனாரை நாலு பேர் முன்னாடி பொய்யராக்க எனக்கு வாய் வரல. உங்களுக்கு என்னைக் குற்றவாளியாக்க வந்துது."

என் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

மார்ச் 29, சனி

மறுபடி கம்பெனிக்குப் போனேன். அந்த விஷயம் முடிஞ்சுபோச்சே ஐயா, இனி வாசிக்க ஒண்ணுமில்ல என்றார் சூப்பர்வைசர். வாசிப்பு கலைந்து வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. என் பட்டறைக்கு அன்று இழுத்து வந்த நாலு பேரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னேன். லைட் விட்டுவிட்டு எரிகிறது என்று வண்டி நிற்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே அவள் போன் செய்தாள், ஓட்டு என்று சொன்னது நான், அது தெரிந்தேதான் அவளைத் திட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், என் வயதுக்காரர், டீயின் அடியை மண்ணில் ஊற்றிவிட்டு, "இதை ஏன் எங்ககிட்ட சொல்றீங்க?" என்றார்.

"நீங்கதானே அன்னிக்கு வாசல்ல நின்னீங்க."

"இப்ப நாங்க என்ன பண்ணணும்?"

அவர்களுக்கு ட்ரிப் இருந்தது. நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எஞ்சின் ஏறிவிட்டது. முதல் சாவியிலேயே பிடித்தது. ஆயில் லைட் ஒரு கணம் எரிந்து அணைந்தது. அப்படித்தான் அணைய வேண்டும். மருமகள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் நல்லாயிருக்கு" என்றாள். என்னிடம் சொன்னாளா, எஞ்சினிடம் சொன்னாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் மருமகள் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரரை இறக்கிவிட்டு, அப்படியே ஆயில் மாற்றிக்கொண்டு மதியம் வருவதாகச் சொன்னாள். வண்டியைப் பட்டறைக்குள் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன்.

"மெயின் ரோட்டு முனையில ஒரு பட்டறை சொன்னாங்க மாமா. அங்க குடுக்கறேன்" என்றாள்.

சரி என்றேன். கேட் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடக்கும், அவளுக்கு அது வராது. நான் போய்த் திறந்துவிட்டேன்.